கெந்திங் மலைக்கு ஏன் இனி ஒரு முழு நாள்? எங்கள் மலேசியப் பயண வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், இந்த முறை பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மலேசியப் பயணத்தின் கட்டணம் இம்முறை தலைக்கு 4,500 ரூபாய் கூடியிருக்கிறது. அதற்குக் காரணம் விமான டிக்கெட் அல்ல, கோலாலம்பூருக்குப் பக்கத்தில், பொழுதுபோக்குப் பூங்கா இருக்கும் கெந்திங் மலையில் நாங்கள் சேர்த்திருக்கும் ஓர் இரவு. கோயிலுக்கும் ஊர் பார்க்கவும் போகிற பயணத்தில் ராட்டினம் ஏற ஒரு முழு நாளா என்று சிலர் கடைக்கே வந்து கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எங்கள் தவறு. சென்ற பயணத்தில் 26 பேர். காலையில் பத்து மலை, 272 படி ஏறி இறங்கி முருகனைக் கும்பிட்டு, சாப்பாட்டை முடித்துக்கொண்டு கெந்திங் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. டிக்கெட், பை சோதனை, கழிப்பறை, யாரோ ஒருவரின் செருப்பு அறுந்தது எல்லாம் முடிய இரண்டரை. மூன்று மணிக்கு வானம் கறுத்து இடி இடித்தது. திறந்தவெளி ரோலர் கோஸ்டர்களை நிறுத்திவிட்டார்கள். அதுவரை ஏறியிருந்தவர்கள் ஒன்பது பேர்தான். மற்ற பிள்ளைகள் வரிசையிலேயே நின்று நனைந்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கூரைக்குள் இருந்த விளையாட்டுகளில் கழித்தார்கள்.

நிறுத்தியவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடி விழும் நேரத்தில் மலை உச்சியில் நிற்கும் இரும்புச் சட்டத்தின்மேல் யாரையும் ஏற்றக் கூடாது. தண்டவாளம் நனைந்தால் சக்கரத்தின் பிடிப்பும் பிரேக்கின் கணக்கும் மாறும். மலேசியாவின் மேற்குப் பக்கத்தில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. வெயில் ஏற ஏற ஈரக்காற்று மேலெழுந்து மலையில் முட்டி மழையாகிவிடுகிறது. பல வருடமாக ஆள் கூட்டிப்போகும் எங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியும், ஆனால் ஒரே நாளில் இரண்டு இடத்தை முடித்துவிடலாம் என்ற கஞ்சத்தனம் கெடுத்துவிட்டது. அன்று ஏற முடியாதவர்களுக்குப் பூங்கா டிக்கெட்டில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இன்னும் வாங்காத இரண்டு குடும்பங்கள் தயவுசெய்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நடக்கப்போவது இதுதான். முந்தின நாள் மாலையே மலை ஏறிவிடுவோம். கேபிள் காரில் போகும்போது காட்டின் உச்சிக்கொப்புகள் காலுக்குக் கீழே ஓடும், பத்து நிமிடம்தான். வழியில் சின் சுவீ குகைக்கோயில் நிறுத்தத்தில் இறங்கிப் பார்க்கலாம். இரவு தங்கல் மேலேயே. அங்கே 7,351 அறைகள் உள்ள ஒரு ஓட்டல் இருக்கிறது. அறை எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று கின்னஸில் பதிவானது. தலை வாசல் தொடங்கிக் கொல்லை வரை ஒரு தெரு நீளத்துக்கு வீடு கட்டிய நம் ஊர்க்காரர்களே மலைத்துப் போவார்கள். மறுநாள் பூங்கா திறக்கும்போதே நாம் வாசலில் நிற்போம். ரோலர் கோஸ்டர் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

மேலே குளிரும். கெந்திங் ஏறக்குறைய 6,000 அடி உயரம், நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. கோலாலம்பூரில் வியர்த்து வழிந்தவர்கள் இரண்டு மணி நேரத்தில் போர்வை கேட்பார்கள். லிம் கோ தோங் என்பவர் 1965-இல் இந்த மலையை உல்லாசத் தலமாக்கும் வேலையைத் தொடங்கியபோது மேலே போகச் சாலையே கிடையாது. காட்டை வெட்டிச் சாலை போட்டு முதல் ஓட்டலைத் திறந்தது 1971-இல். கப்பலேறி மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நம் அப்பச்சிமார் காலத்தில் அது வெறும் காடு.

சூதாட்டக் கூடம் பற்றியும் சிலர் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். மலேசியாவில் உரிமம் பெற்ற ஒரே கூடம் அந்த மலையில்தான் இருக்கிறது. எங்கள் திட்டத்தில் அது இல்லை. அவ்வளவுதான்.

அடுத்தது பயம். "தம்பி, அது பாதியில் நின்றுவிட்டால்?" என்று சென்ற முறை ஓர் ஆச்சி கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் பெட்டிக்கு என்ஜின் கிடையாது. ஒரு சங்கிலி உச்சிவரை இழுத்துப்போகும், அதன்பின் இறக்கத்தின் வேகம்தான் கடைசிவரை ஓட்டுகிறது. 30 மீட்டர் சறுக்கினால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமல், மணிக்கு 87 கிலோமீட்டர் வேகம் வரும். ஏறும்போது 'டக் டக்' என்று கேட்கும் சத்தத்தில்தான் பலருக்கு அடிவயிறு கலங்குகிறது. உண்மையில் நிம்மதி தர வேண்டிய சத்தம் அது. பெட்டிக்கு அடியில் இருக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாக விழுந்து பிடிக்கிறது. சங்கிலியே அறுந்தாலும் பெட்டி பின்னால் நழுவாது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பது போலத்தான், இங்கே அது அடிக்கு அடி தானாகவே விழுகிறது.

சக்கரங்கள் தண்டவாளத்தை மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று பக்கமும் கவ்வியிருக்கும். அடிச்சக்கரத்துக்கு அமெரிக்காவில் 1919-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். தடம் முழுவதும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் போன பெட்டி ஒரு பகுதியைத் தாண்டாமல் பின்னால் வருவது அதற்குள் நுழைய முடியாது. ஆகவே ஏற்றத்தில் வண்டி நின்றால் யாரோ எங்கேயோ எச்சரிக்கையாக இருக்கிறார்கள் என்று பொருள். உட்கார்ந்திருங்கள், வந்து இறக்குவார்கள். அந்த ஆச்சி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏறவில்லை. அதுவும் சரிதான்.

இன்னொரு சங்கதி, அவசியமில்லை என்றாலும் எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மலையிலிருந்து நிலக்கரி இறக்க 1827-இல் ஒரு தண்டவாளம் போட்டார்கள். கரிவண்டிகள் தாமாகவே சறுக்கி இறங்கும். காலி வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப்போகும், இறங்கும்போது அவையும் ஒரு வண்டியில் ஏறிச் சவாரி வரும். பிற்காலத்தில் மனிதர்கள் காசு கொடுத்து அதில் சறுக்கினார்கள். ஆக, இதில் கழுதைகள்தான் நமக்கு மூத்தவை.

யார் ஏறக் கூடாது என்பதில் மட்டும் நாங்கள் கறார். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கழுத்து முதுகு வலி, அண்மையில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்து ஏறி எங்களைச் சங்கடத்தில் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு வயதைவிட உயரம்தான் கணக்கு. ஒவ்வொரு சவாரிக்கும் ஓர் அளவு உண்டு, வாசலில் அளந்துதான் விடுவார்கள். அங்கே போய் அழுவதைவிட இங்கேயே சுவரோடு நிறுத்தி அளந்து சொல்லுங்கள்.

காலையில் இட்லி போதும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் தலை சுற்றும், பட்டினி கிடந்தாலும் சுற்றும். கண்ணை மூடாமல் போகிற தடத்தையே பாருங்கள். காது உணர்வதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போனால் குமட்டல் குறையும். சீப்புச் சீடையும் கைமுறுக்கும் அறையோடு இருக்கட்டும், பூங்காவுக்குள் கொண்டுபோகும் திட்டம் வேண்டாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை, ரவிக்கைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொண்டால் போதும். வேட்டி, சேலை வேண்டாம், சுடிதாரோ பேண்டோ போடுங்கள். செல்போனைக் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஏறாதவர்களோடு எங்கள் ஆள் ஒருவர் நாள் முழுக்க இருப்பார். அவர்களுக்குப் பூங்கா டிக்கெட் எடுக்க மாட்டோம், அந்தப் பணம் கட்டணத்தில் கழியும்.

அப்படியும் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால்? வானத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. பூங்கா எவ்வளவு திருப்பித் தருகிறதோ அதை அப்படியே உங்களிடம் தருவோம், எங்கள் பங்காக எதுவும் பிடிக்க மாட்டோம்.

யார் ஏறுகிறீர்கள், பிள்ளைகளின் உயரம் எவ்வளவு என்பதை மாத இறுதிக்குள் கடையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம். மூக்குக் கண்ணாடிக்குக் கட்டும் கயிறு நாங்களே இரண்டு டஜன் வாங்கி வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
காரைக்குடி