சீகன்பால்க் என்ற பெயர்: டிரெஸ்டனில் இருக்கும் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் குடும்பப் பெயர் சீகன்பால்க் என்று எழுதியிருந்தாய். "மாமா, இவர் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் ஐயரின் வம்சமாக இருப்பாரா? இவ்வளவு அபூர்வமான பெயர் என்றால் ஒரே குடும்பமாகத்தானே இருக்க வேண்டும்?" என்றும் கேட்டிருந்தாய். பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அதனால்தான் பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்க இங்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வம்சமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெயர் ஒன்றை மட்டும் வைத்து இரத்த உறவைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயர் எந்த மண்ணில் முளைத்தது என்பதை ஓரளவு சொல்லலாம். என்னைக் கேட்டால் வம்சத்தை விட அதுதான் சுவையான விஷயம்.

ஐயரைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். 1719-இல், 36 வயதில், அங்கேயே இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் குறுகிய காலத்துக்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஹாலே நகரில் வெளிவந்தது. உன் கேள்விக்குத் தேவையான செய்தி வேறொன்று. அவருடைய மகன் பிற்பாடு கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியரானார். அதாவது ஐயரின் நேர்வழி டென்மார்க் பக்கம் போய்விட்டது. உன் அலுவலகத்துக்காரர் டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்துக்காரர் என்றால், அவரை ஐயரின் பேரனுக்குப் பேரன் என்று நினைப்பதை விட, ஐயரின் பெரியப்பா சித்தப்பா வழியாகவோ, பெயர் மட்டும் ஒத்துப்போன வேறு குடும்பமாகவோ நினைப்பதுதான் பொருத்தம்.

இனி பெயருக்கு வருவோம். 'சீகெ' என்றால் வெள்ளாடு. 'பல்க்' என்றால் கிழிக்காமல் முழுதாக உரித்த தோல். ஆக, ஆட்டுத்தோல். இந்த 'பல்க்' மிகப் பழைய சொல். ஜெர்மன் மொழிக்குடும்பத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நீண்ட எழுத்துச் சான்று, 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த கோதிக் மொழி வேதாகமம். அதில் புதுத் திராட்சரசத்தைப் பழைய தோல்பைகளில் ஊற்றமாட்டார்கள் என்ற வசனத்தில் தோல்பைக்கு வரும் சொல் 'பல்க்ஸ்'. நம் தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் இருப்பது 'துருத்தி'. கொல்லன் பட்டறையில் காற்று ஊதும் கருவியையும் நாம் துருத்தி என்கிறோம். ஜெர்மானியர்கள் அதை 'பிளாசெபல்க்' என்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே தோலை வைத்து ஒரே இரண்டு பொருள்களைச் செய்து, ஒரே சொல்லால் அழைத்திருக்கிறார்கள். ஆட்டுத்துருத்தி என்று ஐயரைத் தமிழில் கூப்பிட்டிருந்தால் பெரிய தவறில்லை. மரியாதையாக இருந்திருக்குமா என்பது வேறு.

ஒரு எச்சரிக்கை. இன்றைய பேச்சில் 'பல்க்' என்பது அடங்காத பிள்ளையைத் திட்டும் சொல்லும்கூட. அந்த மனிதர் பள்ளியில் நிறையக் கேலி பட்டிருப்பார். நீயாகப் போய்ப் பொருள் கேட்டு வைக்காதே.

இப்படி ஒரு பெயர் எப்படிக் குடும்பத்துக்கு ஒட்டிக்கொள்கிறது? 12ஆம் நூற்றாண்டுவரை பெரும்பாலான ஜெர்மானியர்களுக்கு ஒற்றைப் பெயர்தான். நகரங்கள் பெருத்து, ஒரே தெருவில் நான்கு யோஹான்கள் சேர்ந்தபோது, வரி வாங்குபவருக்கும் பத்திரம் எழுதுபவருக்கும் அடையாளம் தேவைப்பட்டது. தந்தை பெயர், சொந்த ஊர், வீட்டருகே இருந்த ஓடை அல்லது மேடு, தொழில், உடல்வாகு என்று எதையாவது சேர்த்தார்கள். மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிய வழக்கம் மெதுவாகக் கிழக்குக்கும் வடக்குக்கும் பரவியது. தொழிலை நேராகச் சொல்லாமல் அதன் கருவியையோ பொருளையோ சொல்லிக் கூப்பிடுவதும் இருந்தது. செருப்புத் தைப்பவர் முழங்காலில் கட்டும் வாரின் பெயர் 'க்னீரீம்'. அதுவே இன்று ஒரு குடும்பப் பெயர். சீகன்பால்க்கும் இந்த வகைதான். முதன்முதலில் அந்தப் பெயரைச் சுமந்தவர் தோல் பதனிட்டிருக்கலாம், விற்றிருக்கலாம், அல்லது ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கலாம். ஐயர் 1682-இல் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தபோது அவருடைய தந்தை தானிய வணிகர். தோலுக்கும் அந்த வீட்டுக்கும் தொடர்பு அறுந்து வெகுகாலம் ஆகியிருக்கும். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இங்கே உன் கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. உன் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டு, அலுவலகத்தில் உன்னை 'ஃப்ராவ்' (பெண்களுக்கான மரியாதைச் சொல்) போட்டு மச்சான் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று சிரித்தாயே, வடகடலோரத்து ஃப்ரீசியர்களுக்கும் இதுதான் நடந்தது. அவர்களிடமும் தந்தை பெயரே இரண்டாம் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1811-இல் நெப்போலியன் ஆட்சி நிரந்தரக் குடும்பப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று ஆணையிட்டது. யாரோ ஒரு தந்தையின் பெயர் அப்படியே உறைந்துபோனது.

மீண்டும் ஆட்டுக்கு வருகிறேன். தெற்கு ஜெர்மனியில், ஆஸ்திரியாவில், சுவிட்சர்லாந்தில் வெள்ளாட்டை 'கைஸ்' என்பார்கள். 'சீகெ' நடு ஜெர்மனியின் சொல். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் செய்த வேதாகம மொழிபெயர்ப்பு அதை நாடு முழுவதும் கொண்டுபோனது. குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் லூதருக்கு முன்பே உறுதிப்பட்டவை. ஆகவே பவேரியாவின் மலைக்கிராமத்தில் இந்தப் பெயர் பிறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே பிறந்திருந்தால் 'கைஸ்' என்று தொடங்கியிருக்கும். புல்ஸ்னிட்ஸ் சரியாக 'சீகெ' வட்டாரத்துக்குள் இருக்கிறது. உன் டிரெஸ்டனிலிருந்து வடகிழக்கே சிறிது தூரம்தான். இஞ்சி, கிராம்பு மணக்கும் 'ஃபெஃபர்கூகன்' ரொட்டிக்குப் பேர்போன ஊர். ஊரின் பெயர் ஜெர்மன் அல்ல, சோர்பிய மொழியிலிருந்து வந்தது. இன்றும் சற்றுக் கிழக்கே, பவுட்சன் பக்கம், அந்தச் சிறிய ஸ்லாவிய மொழியைப் பேசுகிறார்கள். ஸ்லாவிய ஊர்ப் பெயரும் கலப்பில்லாத ஜெர்மன் குடும்பப் பெயரும் ஒரே வீட்டு முகவரியில் சேர்ந்திருப்பது, நடுக்காலத்தில் கிழக்கு நோக்கி வந்து குடியேறிய ஜெர்மன் விவசாயிகளும் கைவினைஞர்களும் விட்டுச்சென்ற தடம்.

'சீகெ' போல ஒலிக்கும் பெயர்கள் எல்லாமே ஆடு என்று நினைத்துவிடாதே. 'சீக்லர்' செங்கல் சுடுபவர். அது 'சீகெல்' என்ற வேறு சொல்லிலிருந்து வருகிறது. 'சீகன்ஹைன்' ஊர்ப் பெயர்.

அடுத்து அபூர்வம். 2005-ஆம் ஆண்டுத் தொலைபேசிப் பதிவுகளை வைத்து ஃப்ரைபுர்க், மைன்ஸ் பல்கலைக்கழகத்தார் ஜெர்மன் குடும்பப் பெயர்களுக்கென்றே தொகுதி தொகுதியாக நிலப்படங்கள் வெளியிட்டார்கள். சுமார் 2 கோடியே 80 லட்சம் இணைப்புகள். அவற்றில் ஏறத்தாழ எட்டரை லட்சம் வெவ்வேறு பெயர்கள். ஊருக்கு ஒரு மாவு ஆலை இருந்ததால் ஊருக்கு ஒரு ம்யூலர் (மாவு ஆலைக்காரர்) இருந்தார். ம்யூலர் என்பது ஆயிரம் இடங்களில் தனித்தனியாக முளைத்த பெயர். இரண்டு ம்யூலர்கள் உறவாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. சீகன்பால்க் போன்ற பெயர் அப்படி எல்லா ஊரிலும் முளைக்காது. யாரோ ஒரு குறும்புக்காரர் ஒரு சந்தையில் ஒரு மனிதரைப் பார்த்து வைத்தது. நீ சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அப்படி ஒற்றை வேரில் முளைத்தது பல தலைமுறைகள் நீடிப்பதே பெரிய காரியம். பெயர் ஆண்வழியில் மட்டும் இறங்கும்போது, பெண்பிள்ளைகள் மட்டும் பிறந்த வீட்டோடு அது முடிந்துவிடும். இங்கிலாந்தில் கால்டன், வாட்சன் என்ற இருவர் 1874-இல் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்து, எல்லாக் குடும்பப் பெயரும் என்றாவது அழியும் என்று முடிவுகட்டினார்கள். கணக்கில் பிழை இருந்தது. சராசரியாக ஒரு மகனுக்கு மேல் பிறந்துகொண்டிருந்தால் சில பெயர்கள் தப்பித்துக்கொள்ளும். ஆனால் சிறிய பெயர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். கணக்கை விடு, 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் எத்தனை கிராமங்களை, எத்தனை பெயர்களோடு சேர்த்துத் துடைத்துப்போட்டது!

சட்டமும் தன் பங்குக்குப் பெயர்களைக் கொன்றது. மேற்கு ஜெர்மனியில் 1976 வரை திருமணமானால் கணவன் பெயர்தான் குடும்பப் பெயர். அதன் பிறகு இருவரில் யார் பெயரையும் எடுக்கலாம் என்றார்கள். முடிவு சொல்லாவிட்டால் கணவன் பெயரே என்று ஒரு கொக்கியும் வைத்தார்கள். அந்தக் கொக்கியை அரசியலமைப்பு நீதிமன்றம் 1991-இல்தான் கழற்றியது. புல்ஸ்னிட்ஸ் இருந்த கிழக்கு ஜெர்மனி இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. 1966-லேயே மனைவியின் பெயரையும் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் தம்பதிகள் இரண்டு பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். சோர்பியப் பெண்கள் தங்கள் மரபுப்படி பெண்பால் விகுதியோடு குடும்பப் பெயரைப் பதியலாம். தாமதம்தான், ஆனாலும் நல்ல வேலை.

தரங்கம்பாடிக்கும் அதைச் சுற்றியும் வந்த ஜெர்மன் பாதிரியார்களை வரிசையாக நிறுத்தினாலே ஐயர் பெயரின் தனித்தன்மை தெரியும். தஞ்சாவூரில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரின் பெயருக்குக் 'கறுப்பு' என்று பொருள். எங்கும் உள்ள பெயர். பெஞ்சமின் ஷூல்ட்சே என்றால் ஊர்த்தலைவர். அதுவும் மூலைக்கு மூலை உண்டு. தமிழ் அகராதி தொகுத்த ஃபப்ரிசியஸின் பெயர் லத்தீனில் கொல்லனைக் குறிப்பது. 16ஆம் நூற்றாண்டில் படித்தவர்களிடையே பெயரை லத்தீனாக்கிக்கொள்ளும் மோகம் இருந்தது. கொல்லர் ஃபப்ரிசியஸ் ஆனார், தையற்காரர் சர்டோரியஸ் ஆனார். சீகன்பால்க் வீட்டார் மட்டும் ஆட்டுத்தோலை ஆட்டுத்தோலாகவே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு தனி மதிப்பு.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் பழைய தேவாலய எழுத்தர்கள் நம்மைப் போலத்தான். காதில் விழுந்ததை எழுதினார்கள். மையர் என்ற ஒரே பெயர் நான்கைந்து விதமாக இன்றும் எழுதப்படுவது அதனால்தான். 1876-இல் ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவகங்கள் வந்த பிறகு, அன்று பதிந்த எழுத்தே சட்டமாகிவிட்டது. 1901-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது சொற்கள் மாறின, குடும்பப் பெயர்கள் அசையவில்லை. தமிழில் நாம் சீகன்பால்க், சீகன்பால்கு, ஜீகன்பால்க் என்று இஷ்டப்படி எழுதுகிறோம். ஜெர்மானியர் வாயில் கடைசி எழுத்து நம்முடைய 'க்' போலவே ஒலிக்கிறது; அதில் நாம் கெட்டிக்காரர்கள். 'பல்' என்ற குறிலைத்தான் எப்படியோ 'பால்' என்று நீட்டிவிட்டோம்.

வம்சம் தேடுவதில் ஒரு கசப்பும் உண்டு. 1933-க்குப் பிறகு நாஜி ஆட்சியில், யூத இரத்தம் இல்லை என்று காட்டுவதற்காக ஜெர்மானியர்கள் தேவாலய அலுவலகங்களில் வரிசையில் நின்று தாத்தா பாட்டிகளின் ஞானஸ்நானச் சான்றுகளை வாங்கினார்கள். இன்று பல குடும்பங்களில் இருக்கும் வம்சாவளி ஏடு அந்த நாளில் எழுதப்பட்டதுதான். அதனால் உன் நண்பரிடம் எடுத்த எடுப்பிலேயே வம்சாவளி இருக்கிறதா என்று கேட்காதே. உங்கள் தாத்தாவின் அப்பா எந்த ஊர் என்று கேள். புல்ஸ்னிட்ஸ், காமென்ஸ் வட்டாரத்தில் ஒரு கிராமத்தைச் சொன்னால் ஐயரின் உறவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்போதும் உறுதி இல்லை. தத்துப்பிள்ளைக்கும் அதே பெயர், மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழிப் பெயர்.

அவருக்கே ஆர்வம் இருந்தால் வழி எளிது. பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளுக்குப் பிறகும், திருமணப் பதிவு 80 ஆண்டுகளுக்குப் பிறகும், இறப்புப் பதிவு 30 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், யாரும் பார்க்கலாம். 1876-க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுதான். லைப்சிக்கில் உள்ள சாக்சனி மாநில ஆவணக் காப்பகத்தில் வம்சாவளிக்கென்றே பெரிய தொகுப்பு இருக்கிறது. பழைய ஏட்டில் அந்தப் பெயர் எங்காவது அகப்பட்டால், அவர் அனுமதித்தால், படமெடுத்து அனுப்பு. தபால் துறையில் முகவரி படித்தே காலம் தள்ளியவன் நான். அந்தப் பழைய கையெழுத்தில் கடைசி எழுத்தை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா
பொறையாறு