நீல மூடி சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு

வணக்கம். சென்னை பெசன்ட் நகரில் எங்கள் தெருமுனைச் சுவரில் இப்போது ஒரு பங்குனி ஆமை நீந்துகிறது; பழைய பிளாஸ்டிக் மூடிகளைப் பதித்துச் செய்த கடல் ஆமைப் படம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படம் எடுத்துவிட்டு எங்கள் நாலு பேரைப் பாராட்டுகிறார்கள். கூச்சமாக இருக்கிறது, அதனால் யார் யார் செய்தது என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் தூய்மைப் பணியாளர் அக்காக்கள். கடலுக்கு நீலம் வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னதுதான். அடுத்த வாரமே ஓர் அரிசிப் பை நிறைய தண்ணீர் கேன் மூடி வந்து இறங்கியது. எல்லாம் குப்பையிலிருந்து கையால் பொறுக்கியது. கழுவவே எங்களுக்கு இரண்டு ஞாயிறு ஆனது, அந்த நாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்புறம் கொத்தனார் அண்ணன். நாங்கள் விலை கொடுத்து வாங்கிய பசையில் ஒட்டிய மூடிகள் நாலே நாள் வெயிலில் பொலபொலவென்று உதிர்ந்தன. டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "பிளாஸ்டிக் எங்க தம்பி பசையில நிக்கும்?" என்று எழுந்து வந்து, மூடிக்குள் சிமெண்ட் கலவையை வழித்து, ஈரப்பூச்சில் கவிழ்த்து அழுத்திக் காட்டினார். உள்விளிம்பு கலவையைக் கவ்விக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுகூட விழவில்லை. ஆமையின் முதுகோடு மட்டும் மூடியில்லை, வீடு இடித்த இடங்களில் கிடந்த டைல்ஸ் சில்லுகள்.

பக்கத்து மீனவர் குப்பமான ஊரூர் குப்பத்துத் தாத்தா இல்லையென்றால் மானம் போயிருக்கும். நாங்கள் வரைந்தது குளத்து ஆமையாம்! "கடல் ஆமைக்குக் கால் ஏதுப்பா, துடுப்புதான்" என்று கரித்துண்டால் திருத்தினார். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பற்றியும் அவர்தான் வெகுநேரம் பேசினார்; மூச்செடுக்க மேலே வரவேண்டிய உயிர், இழுவலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும் என்றார். அதைக் கேட்டுத்தான் ஆமையின் தலையை மேல்நோக்கி மாற்றினோம்.

1988 முதல் ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் குழுவினருக்கும் ஒரு வணக்கம். அவர்கள் எங்கள் சுவருக்கு வரவில்லை, ஆனால் ஆமை வரைய ஆசை வந்ததே அவர்களோடு நடந்த ஓர் இரவில்தான்.

அந்த முனையில் இப்போது யாரும் குப்பை கொட்டுவதில்லை, நிஜம். பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார்களோ என்று ஒரு சந்தேகமும் இருக்கிறது.

வலது ஓரத்தில் கடல் இன்னும் ஒரு முழம் பாக்கி. நீல மூடி இருந்தால் இஸ்திரிக்கடை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து கழுவி.