முன்சீப் கோர்ட்டில் பிராது தாக்கல் செய்யப்போகும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

அதிகார எல்லை, தாவா மதிப்பு (வழக்கின் பண மதிப்பு) பற்றிய பத்திகளைப் பழைய பிராதிலிருந்து (வாதி தரும் வழக்குரையிலிருந்து) எடுத்து ஒட்டாதீர்கள். கட்சிக்காரரின் பல வருடங்கள் அங்கேதான் வீணாகின்றன.

வழக்கின் பொருளை முதலில் பாருங்கள். 20 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வங்கிக் கடன் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம். இதில் தவறினால் இரு தரப்பும் சம்மதித்தாலும் தீர்ப்பு நிற்காது. நிறைவேற்று மனுவிலும் ஆட்சேபிக்கலாம். இட எல்லை அப்படியல்ல. எழுவினா (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனைவதற்குள் பிரதிவாதி சொல்லாவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 21ஆம் பிரிவு பிறகு அவரை அனுமதிக்காது. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில், நிலம் தென்காசியில் இருந்து அதன் சுவாதீனமும் (அனுபவ உடைமையும்) கேட்டால், ஒப்பந்தம் மதுரையில் எழுதப்பட்டிருந்தாலும் தென்காசிதான்.

அதிகம் சறுக்குவது தாவா மதிப்பில். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, விசாரிக்கத் தகுதியுள்ள கடைநிலை நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாடு உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டத்தில் 2004இல் வந்த திருத்தம் முன்சீப்புக்கு 1 லட்சம் என்று வரம்பு வைத்தது; அதற்கு மேல் சார்பு நீதிமன்றம். பின்வந்த திருத்தங்களையும் பார்த்துவிட்டே மதிப்பிடுங்கள்.

சந்தை மதிப்பு 6 லட்சமுள்ள வீட்டு மனையை எடுத்துக்கொள்வோம். வெறும் உறுத்துக்கட்டளை (பிரதிவாதி தலையிடக் கூடாது என்ற தடை உத்தரவு) என்றால், நீதிமன்றக் கட்டணச் சட்டம் 27(c)இன்படி வாதி வைக்கும் மதிப்பு. முன்சீப் கோர்ட் போதும். விளம்புகையும் (சொத்து வாதியுடையது என்ற அறிவிப்பும்) சேர்ந்தால் 25(b)இன்படி பாதி, அதாவது 3 லட்சம். சுவாதீனமும் கேட்டால் முழு 6 லட்சம். கட்டணம் குறையும் என்று உறுத்துக்கட்டளை மட்டும் கேட்கிறோம். எதிருரையில் பிரதிவாதி உரிமையையே மறுக்கிறார். அந்த மறுப்பு வாதியின் உரிமை மீது உண்மையான சந்தேகத்தை எழுப்பினால், விளம்புகை கேட்காமல் வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிராதைத் திருத்துகிறோம், மதிப்பு வரம்பைத் தாண்டுகிறது, கட்டளை 7 விதி 10இன்படி பிராது திரும்புகிறது. பட்டா, வரி ரசீது பிரதிவாதி பெயரில் இருப்பது முன்பே தெரிந்தால் ஆரம்பத்திலேயே சார்பு நீதிமன்றம் போங்கள்.

திரும்பிய பிராது புது நீதிமன்றத்தில் புது வழக்குதான். சாட்சி விசாரணை முடிந்திருந்தாலும் முதலிலிருந்து நடக்கும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. பழைய நீதிமன்றத்தில் போன காலத்தைக் காலவரையறைச் சட்டம் 14ஆம் பிரிவு கழித்துத் தரும், ஆனால் நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் நடத்தியதைக் காட்ட வேண்டும். திருப்பப்போவதாக நீதிபதி சொன்னதுமே விதி 10Aஇன்படி மனுப் போட்டு, எந்த நீதிமன்றம் என்று குறிப்பிட்டு, ஆஜராகும் தேதி வாங்கிவிடுங்கள். பிரதிவாதி ஏற்கெனவே ஆஜராகியிருந்தால், அங்கே அவருக்கு மறுபடி சம்மன் அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருக்காது.