ஊசியின் கிருமிகளை அச்சுச் சூடு கொல்வதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மருத்துவ ஊசிகள் தயாராகும் விதம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெல்லிய எஃகுக் குழாயை இழுத்து இழுத்து முடியளவுக்குக் கொண்டுவருவதையும், முனையைச் சாய்வாகத் தீட்டுவதையும் அழகாக எழுதியிருந்தார்கள். ஆனால் ஓரிடம் மட்டும் படித்த நாளிலிருந்து உறுத்துகிறது. உருகிய பிளாஸ்டிக் 200 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டு ஊசியைச் சுற்றி இறங்குவதால் அந்தச் சூட்டிலேயே கிருமிகள் செத்துவிடும் என்று அதில் சொல்லியிருந்தது. இது தவறு. இன்ஜெக்‌ஷன் மோல்டிங், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் பிரிவில் பல வருஷம் மிஷின் பக்கத்திலேயே நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கிருமியைக் கொல்ல எத்தனை டிகிரி என்பதோடு எவ்வளவு நேரம் என்ற கணக்கும் சேர வேண்டும். ஈரமில்லாத சூடு என்றால் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம், 170 டிகிரியில் ஒரு மணி நேரம். ஆட்டோகிளேவில் அழுத்தத்தோடு வரும் நீராவிக்கு 121 டிகிரியில் 15 நிமிடம். கெட்டியான உறையைப் போர்த்திக்கொண்டு உறங்கும் பாக்டீரியா வித்துகளையும் சேர்த்து அழிக்கத்தான் இவ்வளவு நேரம். சாதாரணக் கொதிநீருக்கு அவற்றில் பல அசைந்துகூடக் கொடுப்பதில்லை. கண்ணாடி சிரிஞ்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்த காலத்தில் இருந்த ஆபத்தும் அதுதான்.

இப்போது மோல்டிங் மிஷினைப் பாருங்கள். பேரல் என்ற சூடான உருளைக்குள் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் 200 முதல் 250 டிகிரி வரை சூட்டில் உருகிக் கிடக்கும். உண்மைதான். ஆனால் அது பாய்ந்து சேரும் அச்சின் உடம்பு முழுக்கக் குளிர்நீர்க் குழாய் ஓடுகிறது. பிளாஸ்டிக் சீக்கிரம் உறைந்தால்தானே அடுத்த ஷாட், அதாவது அடுத்த வார்ப்பு, போட முடியும்? சில நொடிகளில் அச்சு திறந்து, துண்டுகள் தட்டில் விழும். கையில் எடுத்தால் இளஞ்சூடுதான். ஊசியை அச்சுக்குள் வைத்து வார்க்கும்போதுகூட, உருகிய பிளாஸ்டிக் தொடுவது பிடிமானப் பகுதியை மட்டும்தான். உடம்பில் இறங்கும் முனை அச்சின் எஃகுக்குள் பிளாஸ்டிக் படாமல் நிற்கிறது. பல ஊசிகளில் இதுவும் கிடையாது: அடிப்பகுதியைத் தனியாக வார்த்து, ஊசியைப் பிறகு பசை வைத்து ஒட்டுகிறார்கள். அங்கே அச்சின் சூட்டுக்கும் ஊசிக்கும் உறவே இல்லை.

சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட்டைக் காட்டி யாராவது மறுக்கலாம். அதில் முனையையும் மூடித்தான் பிளாஸ்டிக் வார்க்கப்படுகிறது. திருகி எடுக்கும் அந்தச் சின்ன மூடியும் அதே ஷாட்டில் பிறந்தது. அப்படி முனை மூடிப் பிறக்கும் லான்செட்டையே கதிர்வீச்சுக்கு அனுப்பித்தான் கிருமி நீக்குகிறார்கள். நொடிக்கணக்கில் பட்ட சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உண்மையான கிருமி நீக்கம் நடப்பது கடைசியில், உறையை ஒட்டிப் பெட்டியில் அடுக்கிய பிறகு. பெரும்பாலும் எத்திலீன் ஆக்சைடு வாயு. அறையில் காற்றை உறிஞ்சி, ஈரப்பதம் ஏற்றி, வாயுவை விடுவார்கள். சூடு சுமார் 50 டிகிரிதான், ஆனால் மணிக்கணக்கில். உறையின் ஒரு பக்கம் காகிதமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாயு அதன் வழியே உள்ளே போகும், வெளியே வரும். காகிதம் நனையாமல் கிழியாமல் இருக்கும் வரை கிருமி நுழையாது. அந்த வாயு புற்றுநோய் தரக்கூடியது என்பதால் அது முழுக்க வெளியேறும்படி பெட்டிகளைக் காற்றாட வைப்பதும் வேலையில் ஒரு பகுதி. இன்னொரு வழி கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் தரும் காமா கதிர். வழக்கமான கதிரளவு 25 கிலோகிரே. சாதாரண பாலிபுரோப்பிலீன் அதில் மஞ்சளடித்து நொறுங்கும். அதனால் கதிர் தாங்கும் ரகத்தை மோல்டிங்கிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சுக்கும் கிருமி நீக்கத்துக்கும் உள்ள நெருக்கமான தொடர்பு இதுதான். கட்டுரையில் இது வரவே இல்லை.

இந்தத் தப்பெண்ணம் தொழிற்சாலைக்குள்ளும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒருநாள் புதுப் பையன் ஒருவன் தட்டைத் தவறவிட்டான். தரையில் சிதறிய துண்டுகளை அவசரமாக அள்ளி மறுபடி தட்டிலேயே போட்டான். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே, “விடுப்பா, எப்படியும் கேஸுக்குப் போகப் போகுதுல்ல?” என்றார், கிருமி கொல்லும் வாயுவைச் சொல்லி. அன்றைக்கு நான் அந்தத் தட்டு முழுவதையும் கழிவில் கொட்டினேன், வாக்குவாதம் பெரிதாகிவிட்டது. சில வகை பாக்டீரியா செத்த பிறகும் அவற்றின் உடைந்த சுவரில் எண்டோடாக்சின் என்ற நஞ்சு மிஞ்சும். வாயுவோ கதிரோ கிருமியைக் கொன்றாலும் அந்த நஞ்சு பெருமளவு அப்படியே இருக்கும். இரத்தத்தில் கலந்தால் குளிரும் காய்ச்சலும் வரும். சூட்டால் அதை அழிக்க 250 டிகிரியில் அரை மணி நேரம் வேண்டும். பிளாஸ்டிக் அதற்கு வெகு முன்பே உருகி ஓடிவிடும். வார்த்த துண்டை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின்னில் அதிகமாகத் தடவிய கிரீஸும் அப்படித்தான், எந்த வாயுவும் அதைத் துடைத்துத் தராது. தூசு எண்ணி வடிகட்டிய காற்றுள்ள அறை, தலையுறை, கையுறை எல்லாம் இதற்காகத்தான். கிருமி நீக்கத்தின் இலக்கு பத்து லட்சம் பொருளில் ஒரு பொருளுக்கு மேல் உயிருள்ள கிருமி தங்கும் வாய்ப்பு இருக்கக்கூடாது என்பது. அந்தக் கணக்கு தொடங்குவதே, உள்ளே போகும் பொருளில் எத்தனை கிருமி இருந்தது என்பதிலிருந்து.

கட்டுரையைப் படித்த ஒருவர், உறையில்லாமல் கிடக்கும் புது ஊசியைப் பார்த்து, “நெருப்பில் பிறந்ததுதானே, சுத்தமாகத்தான் இருக்கும்” என்று எடுத்துவிடக் கூடாது. தயவுசெய்து அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். கூடவே ஓர் ஊசி உறையின் பின்பக்கத்தைப் பெரிதாகப் படம் பிடித்துப் போட்டு, குறிகளை விளக்குங்கள். ‘ஈ.ஓ.’ என்றால் வாயு, ‘ஆர்’ என்றால் கதிர்வீச்சு. வட்டத்துக்குள் 2 எழுதிக் குறுக்கே கோடு போட்டிருந்தால் மறுபடி பயன்படுத்தக்கூடாது. மணல் கடிகாரத்தின் பக்கத்தில் இருப்பது காலாவதித் தேதி. அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
மோல்டிங் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு வாசகர்