மேசையில் விழும் வெளிச்சம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். உங்கள் துறையின் ஆசிரியர் அறையில் சென்சார் பொருத்தி, பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப எல்இடி விளக்குகளைத் தானாகக் கூட்டவும் குறைக்கவும் மாணவர்கள் முயல்வதாக எழுதியிருந்தாய். இத்தனை ஆண்டுகளாகச் சென்னை அலுவலகங்களில் இதே வேலையில் இருப்பதால் உடனே பதில் எழுதத் தோன்றியது.

பிஎச் 1750 என்ற ஒளி சென்சாரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அது நேரடியாக லக்ஸ் கணக்கிலேயே, அதாவது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகிலேயே, எண்ணைத் தந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் வரும் தடுமாற்றத்தையும் வடிகட்டிவிடும். ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எல்டிஆர் வைத்திருந்தால் அந்தத் துடிப்போடு மல்லுக்கட்டவே உங்கள் நேரம் போயிருக்கும்.

ஆனால் சென்சாரைக் கூரையில் பொருத்தி, அது காட்டும் எண்ணையே மேசையின் வெளிச்சமாக எடுத்துக்கொள்ளும் திட்டம் எனக்குக் கவலை தருகிறது. கூரையிலிருந்து கீழே பார்க்கும் சென்சார் மேசையில் விழும் ஒளியை அளப்பதில்லை. மேசையும் தரையும் திருப்பி அனுப்பும் ஒளியைத்தான் அளக்கிறது. தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டுகள் வரும் நாளை எண்ணிப் பார். கரும்பழுப்பு மேசைகள் மீது வெள்ளைத் தாள்கள் பரவியதும் அறை பிரகாசமாகிவிட்டதாகச் சென்சார் கணக்கிட்டு, திருத்துபவர்களுக்கு வெளிச்சம் மிகவும் தேவைப்படும் அந்த வேளையிலேயே விளக்கைக் குறைக்கும். மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் தரையில் விழும்போதும் இதே கதைதான். ஜன்னலோரம் கண் கூசும், உள்வரிசை மேசைகள் இருளும்.

ஆகவே முதலில் ஒரு லக்ஸ் மீட்டரை வாங்கி, மேசை உயரத்தில், அதாவது தரையிலிருந்து முக்கால் மீட்டரில், உங்கள் நிழல் விழாதபடி வைத்து ஒவ்வோர் இருக்கையிலும் அளந்துவிடுங்கள். நம் நாட்டுத் தரநிலையான ஐஎஸ் 3646 பொது அலுவலகங்களுக்கு 300, 500, 750 லக்ஸ் என்று மூன்று படிகளைச் சொல்கிறது. நான் 500-க்குக் கீழே போக மாட்டேன். இருபது வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டும். உங்கள் அறையில் மூத்தவர்களே அதிகம் என்பதை மறந்துவிடாதே. மாணவர்களின் கண்ணுக்குப் போதுமானது அவர்களுக்குப் போதாது.

பிறகு ஓர் இரவில் விளக்குகளை மட்டும் எரியவிட்டு, மேசையில் 500 லக்ஸ் வரும்போது கூரைச் சென்சார் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதையே காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் செய்தால், இரண்டு எண்களுக்கும் இடையிலான விகிதம் வேளைக்கு வேளை மாறுவது தெரியவரும். எந்த வேளையிலும் மேசை 500-க்குக் கீழே இறங்காத விகிதத்தையே நிரலில் எழுதச் சொல். அதனால் மின்சாரச் சேமிப்பு சற்றுக் குறைந்தாலும் குறையட்டும். சென்சாரை ஜன்னலைவிட்டு உள்ளே தள்ளிப் பொருத்தி, ஜன்னலோர வரிசைக்கும் உள்வரிசைக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைத் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

மேகம் ஒன்று கடக்கும் போதெல்லாம் விளக்கு ஏறி இறங்கினால் ஆசிரியர்கள் எரிச்சலடைந்து சென்சார் மேல் தாளை ஒட்டிவிடுவார்கள். அதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சிறு ஏற்றத்தாழ்வுகளைப் பொருட்படுத்தாமல், மாற்ற வேண்டியபோது ஒரு நிமிட அளவில் மெல்ல மாற்றினால் யாரும் உணர மாட்டார்கள். கதவருகே கையால் இயக்கும் சுவிட்ச் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதை யார் எப்போது அழுத்துகிறார்கள் என்ற பதிவுதான் மாணவர்களுக்குக் கிடைக்கப்போகும் மிகச் சிறந்த தரவு.

முதல் அளவுகள் கைக்கு வந்ததும், மேசைகளும் ஜன்னல்களும் இருக்கும் இடங்களைக் குறித்த அறை வரைபடத்தோடு அனுப்பிவை. விகிதத்தை நான் கணக்கிட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ராகவன்