ஹமீராவுக்குப் போய் வந்தேன்

கோத்தகிரி

அன்புள்ள தபேலா,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் ஜெய்சல்மேர் போனேன். மணல்மேடுகளை வரைய வேண்டும், அவ்வளவுதான் திட்டம். வயலினும் கூட வந்தது, அது இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? இங்கே மேகம் இறங்கிவிட்டால் வாட்டர் கலர் காய அரை நாள் ஆகும். அங்கே தூரிகையைத் தாளின் மறுகோடிக்கு இழுப்பதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. நாலு தாள் வீண். பெட்டியை மூடிவிட்டு ஹமீரா என்ற கிராமத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பரம்பரைப் பாட்டுக்காரர்களான மாங்கணியார்களின் ஊர். கமாய்ச்சா என்ற வில்வாத்தியம் வாசித்து 2012இல் பத்மஸ்ரீ வாங்கிய சாகர் கான் இங்கேதான் இருந்தார். 2013இல் காலமானார், ஆனால் ஊரில் வாசிப்பு நிற்கவில்லை. கமாய்ச்சாவை நீ மடியில் வைத்துப் பார்க்க வேண்டும்டா! மாமரத்தில் குடைந்த வட்டக் குடம், மேலே ஆட்டுத்தோல், 17 தந்தி. வில்லை இழுத்தால் வயசான தொண்டையின் கரகரப்பு. ஒரு பெரியவர் என்னை வாசிக்கச் சொன்னார். ஆபேரி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வில் என்னோடு சேர்ந்துவிட்டது. பத்து வயசுப் பையன் ஒருவன் கர்தால் என்ற தாளக் கட்டைகளோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், யாரும் கூப்பிடவில்லை.

மாங்கணியார்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரர் வீடுகளில் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவர்கள். கிருஷ்ணன் பாட்டை அவர்கள் பாடியபோது அழுதுவிட்டேன். பதினோரு நாள் தங்கினேன். ராத்திரி அவர்கள் வாசிக்க, நான் கரித்துண்டில் வரைந்துகொண்டே இருந்தேன். கல்லூரி விட்ட பிறகு இப்படி வரைந்ததில்லை.

அப்புறம் ஒன்று மனசை அரிக்கிறது. தனியாக இருந்தால்தான் படம் வரும் என்று இத்தனை வருஷம் இந்த மலையில் உட்கார்ந்திருக்கிறேன். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ஊர் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தோடருக்கும் படுகருக்கும் பானை வனைந்து, இரும்பு அடித்து, சாவுக்கு வாசித்தவர்கள். மாங்கணியார்களின் கதைதானே இதுவும்! அவர்களுடைய கொல் என்ற ஊதுகுழலைத் தூரத்தில் இரண்டு தடவை கேட்டிருப்பேன். ஒருநாளும் பக்கத்தில் போய் உட்கார்ந்ததில்லை. ராஜஸ்தான்வரை ரயிலேறிப் போனவனுக்கு இது வெட்கம்தான்.

போன வாரம் போனேன். வாசலில் நெருப்பு மூட்டித் தப்பட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், இந்த ஈரத்தில் தோல் தொய்ந்துவிடுமே. ஒருவர் விரலால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், மறுபடி நெருப்புக்குக் கொண்டுபோவார். டீ கொடுத்தார்கள். அவர்கள் தெய்வமான கம்பட்டராயரின் திருவிழாவுக்கு வரச் சொன்னார்கள், வெளியாள் எதுவரை வரலாம் என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

நீயும் வர வேண்டும். திருவிழா குளிர்காலத்தில்தான் வரும், தேதி தெரிந்ததும் போன் போடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் கோத்தகிரி பஸ் ஏறு. ஆர்மோனியம் மாமாவிடமும் சொல். உன் தபேலாவை எடுத்துவர வேண்டாம், இந்தத் தடவை கேட்கத்தான் போகிறோம். ஸ்வெட்டர் இரண்டு எடுத்துவா.

அன்புடன்,
உன் பிடில்