ஸ்கேன் நார்மல் என்று வந்தவரை உடனே மலையேற்றாதீர்கள்

இடுக்கி ஏலத்தோட்டங்களின் உரிமையாளர்களுக்கும் மேனேஜர்களுக்கும், கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து ஆள் கூட்டிப் போகும் கங்காணிகளுக்கும், ஜீப் ஓட்டுநர்களுக்கும்,

வணக்கம்.

காலையில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறும் வேலையாட்களுக்குத் தலையில் அடிபடுவது உங்களுக்குப் புதிதல்ல. குழியில் ஜீப் இறங்கினால் பக்கவாட்டு சீட்டில் இருப்பவரின் தலை மேல்கம்பியில் போய் இடிக்கும். மழைக்கு முன்னால் நடக்கும் மரக்கவாத்தில் கிளை விழும். ஈரச் சரிவில் கால் வழுக்கி மல்லாந்து விழுவார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறீர்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், "ரத்தக்கட்டு இல்லை, நார்மல்" என்று எழுதித் தருகிறார்கள். மூன்றாம் நாள் அவர் ஜீப்பில் ஏறிவிடுகிறார். இரண்டாவது வாரம் தலை கிறுகிறுக்கிறது என்று பாதியில் உட்கார்ந்தால், "ஸ்கேன்லயே ஒண்ணுமில்ல, சும்மா சாக்கு" என்ற பேச்சு கிளம்புகிறது. அந்தப் பேச்சு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, பெரிய வீக்கம் இவை இருக்கிறதா என்று பார்க்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பதை அது சொல்லும். கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. தலை சட்டென்று திரும்பினாலோ, வேகத்தில் போய் திடுக்கென்று நின்றாலோ, மண்டைக்குள் மூளை அசைந்து முறுக்கிக்கொள்கிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே வருகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே போகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி தேவை. அதே நேரத்தில் அங்கே போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. வோல்டேஜ் குறைந்த வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டால் எல்லா விளக்கும் மங்குமே, அந்த நிலைமைதான். படம் எடுத்தால் வயரிங் எல்லாம் சரியாகவே இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்றில்லை. பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லை. தலை எதிலும் இடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஜீப் முன்னால் போய் மோதும்போது கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுத்தாலே போதும். சிலருக்கு அன்று மாலைவரை ஒன்றும் தெரியாது, மறுநாள்தான் தொடங்கும்.

அடிபட்டவருக்கு உள்ளே எப்படி இருக்கும் என்பதை உங்கள் தோட்டத்து வேலையை வைத்தே சொல்கிறோம். ஏலக்காய்ச் சரம் தூரடியில், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து, இலையை ஒதுக்கி, பழுத்த காயை மட்டும் பார்த்து எடுத்து, எழுந்து அடுத்த தூருக்குப் போக வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை தலை இறங்கி ஏறுகிறது. அடிபட்டவருக்குக் குனியும்போது நெற்றியும் பிடரியும் இறுகும். எழுந்தால் தரை ஒரு பக்கம் சாயும். கிட்டத்தில் காயைப் பார்த்த கண் நிமிர்ந்து தூரத்துச் செடியைப் பார்க்கும்போது தெளிவு வர நேரம் பிடிக்கும்; எந்தக் காய் பழுத்தது, எது பிஞ்சு என்பது குழம்பும். காயோடு பிஞ்சும் கூடையில் விழுகிறது என்று நீங்கள் திட்டுவது பல நேரம் இதற்காகத்தான்.

வெளிச்சம் கூசும். எடை போடும் இடத்தில் பத்துப் பேர் ஒன்றாகப் பேசினால் யார் பேசுவதும் பிடிபடாது, தலை வெடித்துவிடும் என்று தோன்றும். மூன்று வேலை சொன்னால் மூன்றாவது மறந்துபோகும். தொட்டதற்கெல்லாம் கோபமும் அழுகையும் வரும். பகலில் தூங்கி வழிந்தவருக்கு இரவில் கண் மூடாது. இதில் உங்களை ஏமாற்றுவது ஒன்று உண்டு: காலையில் அவர் நன்றாகத்தான் இருப்பார். பேசுவார், சிரிப்பார், முதல் இரண்டு மணி நேரம் எல்லாரையும்போல் எடுப்பார். மதியத்துக்குள் தாங்கும் சக்தி தீர்ந்துவிடும். காலையில் சிரித்தவர் மதியம் நடிக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். நோயின் போக்கே அப்படித்தான்.

அடிபட்ட அன்று செய்ய வேண்டியது. அன்றைக்கு மறுபடி வேலையில் விடக்கூடாது, "லேசாத்தான் பட்டுது" என்று அவரே சொன்னாலும். உயரத்திலிருந்து விழுந்தவரையும் கழுத்து வலிக்கிறது என்பவரையும் தூக்கி உட்காரவைக்காமல், தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கீழே சொல்லும் எது இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி: தலைவலி கூடிக்கொண்டே போவது, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, வலிப்பு, ஒரு கை காலில் பலம் குறைவது, பேச்சுக் குழறுவது, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, மூக்கிலோ காதிலோ ரத்தமோ தண்ணீர்போன்ற நீரோ வடிவது, எழுப்பினால் எழாத தூக்கம், ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது. மயக்கம் தெளிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் சரிவதும் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கட்டினால் அப்படி நடக்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

உடம்பு வலிக்கு என்று ஒரு மடக்கு பிராந்தி ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். போதையில் தள்ளாடுகிறாரா, உள்ளே ரத்தம் கட்டித் தள்ளாடுகிறாரா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். தூக்க மாத்திரைக்கும் இதே காரணம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். முதல் இரண்டு நாள் ஆஸ்பிரினும் புரூஃபனும் வேண்டாம், அவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். நெற்றிக்குச் சுக்குப் பற்று போட்டால் போட்டுக்கொள்ளட்டும், அதில் கெடுதல் இல்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையும் இருப்பதால் நடக்கும் ஒரு தப்பு இருக்கிறது. நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ முதல் சிகிச்சை நடக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு சூப்பர்வைசர் பையில் தங்கிவிடும். மாலையில் ஜீப் அவரைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகும். வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஆபத்தான முதல் இரவு அப்படியே கழிகிறது. டிஸ்சார்ஜ் சீட்டும் ஸ்கேன் ஃபிலிமும் அவரோடு போக வேண்டும். எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது, நினைவு தப்பியதா, எத்தனை முறை வாந்தி, என்ன மாத்திரை கொடுத்தது, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒரு பெரியவர் கையில் ஓட்டுநரே கொடுத்து, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளையும் வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும். தனியாக இருப்பவர் என்றால் அன்றிரவு துணைக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர் தூங்கலாம். ராத்திரி முழுக்க விழிக்க வைக்க வேண்டும் என்பது தவறு.

ஓய்வைப் பற்றியும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மறுநாளே அனுப்புவது ஒன்று, ஒரு மாதம் இருட்டறையில் படுக்கப்போடுவது இன்னொன்று. இரண்டுமே குணமாவதைத் தள்ளிப்போடும். முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டுக்குள் லேசாக நடமாடி, செல்போனைக் குறைத்து இருந்தால் போதும். அதன்பின் சமதரையில் 15, 20 நிமிடம் நடை. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளை அதிர்ச்சி மாநாட்டின் பரிந்துரையில் ஓர் எளிய அளவு இருக்கிறது. வேலையை ஆரம்பிக்கும் முன் தொந்தரவுக்குப் பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். மூன்று என்றால், வேலையின்போது ஐந்துவரை ஏறலாம். அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய மூன்றுக்கு இறங்க வேண்டும். அதைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் ஒரு படி குறைத்துத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு முழு நாள்.

அந்தப் படிகள் விளையாட்டு வீரர்களுக்காக வகுத்தவை. தோட்டத்துக்குப் பொருத்தினால் நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில் அரை நாள், நிழலில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்யும் வேலை: நாற்றுப் பைக்கு மண் நிரப்புவது நல்லது. காய் தரம் பிரிப்பதும் உட்கார்ந்த வேலைதான், ஆனால் கண்ணுக்குக் கடினம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை எடுத்துத் தூரத்தில் பார்க்க விடுங்கள். அடுத்து, சரிவில்லாத இடத்தில் அரை நாள் காய் எடுப்பு. பிறகு முழு நாள். மூட்டை தூக்குவது, தலைச்சுமை, உலர்த்தும் ஸ்டோரின் சூட்டில் நிற்பது எல்லாம் அதற்கும் பிறகு.

மருந்தடிப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மோட்டார் சத்தமும் முதுகுச் சுமையும் ஒரு பக்கம். பூச்சிமருந்து உடம்பில் ஏறினாலும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மங்கலான பார்வைதான் வரும். இரண்டும் கலந்துவிட்டால் டாக்டருக்கே எதனால் என்று சொல்வது கஷ்டம், சிகிச்சையும் தவறிப்போகலாம். ஒரு தொந்தரவும் மிச்சமில்லை என்ற பிறகே மருந்தடிப்பு. மரம் ஏறுவதும் அப்படியே, அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் குணமாகும் காலம் நீண்டுவிடும். இளவயதினருக்கு மூளை வீங்கி உயிர் போனதும் அரிதாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை கபடிக்குப் போகும் பையன்களிடம் இதைக் கங்காணிதான் சொல்ல வேண்டும், உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள்.

ஜீப் பயணத்தையே வேலையில் பாதி என்று கணக்கில் எடுங்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்தால் கண் ஒன்றைச் சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்லும். நல்ல உடம்புக்காரருக்கே புரட்டும். அடிபட்டவருக்கு வேலை தொடங்கும் முன்பே அன்றைய சக்தி தீர்ந்துவிடும். முதல் வாரம் மலையேற்றாமல் கீழே ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள். ஏற்றும்போது முன்சீட்டு கொடுங்கள், பார்வை ரோட்டில் இருக்கட்டும். மேல்கம்பிகளில் பழைய டயர் டியூப்பையோ தடித்த ஃபோமையோ சுற்றிக் கட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அடிபட்டவர் ஓட்டுநரே என்றால், கிறுகிறுப்பும் தாமதமும் போகும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பிரேக்குக்குக் கால் போகும் நேரம் அவருக்கே தெரியாமல் நீண்டிருக்கும்.

பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். நான்கு வாரத்தைத் தாண்டியும் தொந்தரவு நீடித்தால், "காலப்போக்கில் சரியாகும்" என்று விடாமல் காரணத்தைத் தேட வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது என்பதுதான் எங்கள் ஆதங்கம். படுக்கையில் புரளும்போதோ, மேலே அண்ணாந்தாலோ அரை நிமிடம் உலகமே சுற்றினால், உள்காதின் சிறு கற்கள் இடம்மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் சில நிமிடத்தில் அதைச் சரிசெய்ய முடியும். மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்கத் தேவையில்லை. பிடரியில் தொடங்கி முன்னால் வரும் தலைவலி பல நேரம் கழுத்திலிருந்து வருவது, அதற்குப் பயிற்சி இருக்கிறது. பேனா முனையைக் கண்ணுக்கு நேராக மூக்கை நோக்கிக் கொண்டுவரும்போது 6 செ.மீ. தூரத்துக்கு முன்பே அது இரண்டாகத் தெரிந்தால், இரு கண்ணும் கிட்டத்தில் ஒன்றுகூடவில்லை என்று பொருள். கண் டாக்டரிடம் அனுப்புங்கள். மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டு வந்தால் மாத்திரையே தலைவலியைத் தொடரவைக்கும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது, ரத்தசோகையும் கிறுகிறுப்பைக் கூட்டும்.

வாசனை தெரியாமல் போவதும் உண்டு. மூக்கின் மேல்கூரையில் உள்ள மெல்லிய நரம்பிழைகள் அறுபடுவதால் வருவது அது. கேஸ் கசிவும், பூச்சிமருந்து வாடையும் அவருக்குத் தெரியாது. அவரைத் தனியாகப் பூச்சிமருந்து அறைக்கு அனுப்பாதீர்கள். எதிலும் மனம் ஒட்டாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்குவதும் அடியின் தொடர்ச்சியாக வரலாம். "பயந்த கோளாறு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது குடும்பத்தின் விருப்பம், அதோடு டாக்டரிடமும் போகச் சொல்லுங்கள். வயதானவரோ தினம் குடிப்பவரோ, அடிபட்டு மூன்று நான்கு வாரம் கழித்துத் தலைவலி கூடி, நடை தள்ளாடி, பேச்சு மாறினால், பழைய நார்மல் ஸ்கேனை நம்பாதீர்கள். ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்திருக்கலாம், மறுபடி எடுக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: முதல் இரண்டு நாளுக்கு முழுக் கூலி, படிப்படியாகத் திரும்பும் நாட்களில் அரை நாள் வேலைக்கு அரைக் கூலியாவது. கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் கிறுகிறுப்பை மறைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்கள். இந்தக் காய் எடுப்பு தொடங்கும் முன், ஆபத்து அறிகுறிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு ஜீப்பிலும் எடை போடும் இடத்திலும் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கில் தலையில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள்